ஜோஹோ அனலிட்டிக்ஸ்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் உருவாக்கிய இணையவழி வணிக நுண்ணறிவு மென்பொருள். விற்பனை, கணக்கு, சரக்கிருப்பு எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் தரவுகளைத் திரட்டி, வரைபடங்களாகவும் அறிக்கைகளாகவும் டாஷ்போர்டுகளாகவும் தருகிறது. வணிக நுண்ணறிவுத் துறைக்கு முன்னோடியான கருத்தை ஐபிஎம் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 1996இல் அட்வென்ட்நெட் எனத் தொடங்கிய நிறுவனம் 2009இல் ஜோஹோ ஆயிற்று. ஜோஹோ ரிப்போர்ட்ஸ் என வழங்கிவந்த இம்மென்பொருள் 2018இல் ஜோஹோ அனலிட்டிக்ஸ் எனப் பெயர் பெற்றது. பெயர் மாற்றத்தைவிட முக்கியமானது இம்மென்பொருளில் உள்ள ஸியா என்னும் உதவியாளர்: நிரல்மொழி அறியாதவரும் வாக்கியமாகக் கேட்டு, தரவிலிருந்து விடை பெறலாம். வெளி முதலீட்டை நாடாத நிறுவனம் ஆதலால், மென்பொருள் மேம்பாட்டின் திசையையும் வேகத்தையும் அதுவே முடிவு செய்கிறது.