ஸ்திரிக்கைப் பெட்டிக்கு முந்தின கதை

கனநாள் ஃபைலுக்குள்ள கிடந்த போட்டோகொப்பி நோட்ஸை இழுத்துப் பார்த்திருக்கிறீங்களா? எழுத்துகள் கழன்று பிளாஸ்டிக் கவரில் போய் ஒட்டியிருக்கும். கவரின் உள்பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் தெரியிற மாதிரித் தலைமாறி இருக்கும். எக்ஸாம் நேரத்தில் எங்களுக்கு அது பெரிய தலையிடி. வீட்டில சேர்க்கிட் போர்ட் செய்யிற ஆக்களுக்கோ அதுதான் பிழைப்பே. ஏனெண்டால் டோனர் மை இல்லை, சூட்டில் உருகுகிற பிளாஸ்டிக் தூள்.

அவர்கள் சேர்க்கிட் படத்தைத் தலைமாற்றி, வழவழப்பான சஞ்சிகைத் தாளில் லேசர் பிறின்ட் எடுப்பார்கள். அதைச் செப்புப் படலம் ஒட்டிய போர்ட்டில் கவிழ்த்து வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துவார்கள். பிறகு தண்ணியில ஊறவைத்துத் தாளை உரசி எடுத்தால் கோடுகள் செப்பிலேயே நிற்கும். போர்ட்டை ஃபெரிக் குளோரைட்டில் போட்டதும் டோனர் மூடாத செப்பெல்லாம் கரைந்துபோகும்.

இந்த முறையின் பாதி, பவுல் ஐஸ்லர் என்பவருடையது. 1907 இல் வியன்னாவில் பிறந்த யூதர். பொறியியல் படித்தும் யூத வெறுப்பால் அங்கே ஒழுங்கான வேலை கிடைக்கவில்லை. கொஞ்சக் காலம் அச்சுத் தொழிலோடு ஒட்டிக்கொண்டார். புத்தகத்தை அச்சடிக்கிற மாதிரி வயர்களையும் அச்சடித்தால் என்ன எண்ட யோசனைக்கு அந்த அனுபவம் உதவியிருக்க வேணும். 1936 இல் லண்டனுக்குத் தப்பி வந்து, வாடகை அறையில் இருந்துகொண்டு அச்சடித்த சேர்க்கிட்டோடு ஒரு ரேடியோ செய்தார்.

அதைக் கொண்டுபோய்க் காட்டிய கம்பனி வேண்டாமெண்டு சொல்லிவிட்டது. அப்ப ரேடியோவுக்குள் இருந்த ஒவ்வொரு வயரையும் பெண்கள்தான் கையால் பற்றவைத்தார்கள். அவர்களை வைத்துச் செய்விக்கிறதே மலிவு எண்டு தனக்குச் சொல்லப்பட்டதாக ஐஸ்லர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் கண்டுபிடித்தவரின் படம் வரும். அந்தப் பெண்களின் குறைஞ்ச சம்பளம் எந்தப் பக்கத்திலும் வராது.

பிறகு யுத்தம் வந்தது. நாஜிகளுக்குப் பயந்து ஓடிவந்த மனிசனையே, எதிரி நாட்டவன் எண்டு பிரிட்டன் தடுப்புமுகாமில் போட்டது. வெளியில வந்தபிறகு, இசைக்குறிப்புகள் அச்சடிக்கிற ஒரு கம்பனிதான் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1943 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். செப்புப் படலத்தில் கோட்டை மட்டும் மூடி, மிச்சத்தை அரிக்கவிடுகிற அவருடைய வழிதான் இண்டைக்கும் நிற்குது.

மற்றப் பாதி நியூயோர்க்கில் நடந்தது. செஸ்டர் கார்ல்சன் ஒரு கம்பனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை செய்தவர். ஆவணங்களைக் கையால் பிரதி எடுத்துக் களைச்சுப்போய், பிரதி எடுக்கிற மெசின் ஒன்றைத் தேடினார். 1938 ஒக்டோபர் 22 அன்று, அஸ்டோரியாவில் வாடகைக்கு எடுத்த அறையில், கந்தகம் பூசிய நாகத் தகட்டில் நிலைமின்னால் ஒரு தூளை ஒட்டவைத்தார். அந்தத் தூளை மெழுகுத்தாளுக்கு மாற்றிச் சூடாக்கினார். திகதியும் ஊர்ப் பெயரும் தாளில் தெளிவாக விழுந்தன. கூட நின்று வேலை செய்த ஒட்டோ கோர்னேயும் ஒஸ்திரியாவிலிருந்து தப்பி வந்தவர்தான். இதில் எதிர்காலம் இல்லையெண்டு நினைத்து அவர் வேற வேலைக்குப் போனார். இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகள் கார்ல்சனையும் திருப்பி அனுப்பின.

ஐஸ்லரும் கார்ல்சனும் சேர்ந்து எதையும் செய்யவில்லை. லேசர் பிறின்டர் மலிந்த பிறகு, ஒருவரின் தூள் மற்றவரின் செப்புக்கு மேல வந்து சேர்ந்தது, அதுவும் உடுப்பு மினுக்கிற ஸ்திரிக்கைப் பெட்டியால்.

முதல் தரம் செய்யிற ஆக்களுக்குக் கட்டாயம் பிழைக்கும். சூடு குறைஞ்சால் டோனர் பிடிக்காது, அழுத்தம் கூடினால் கோடுகள் நசிந்து ஒண்டோடொண்டு ஒட்டிவிடும். எங்கேயாவது கோடு அறுந்திருந்தால், கரைசலில் போட முதல் பெர்மனன்ட் மார்க்கர் எடுத்துக் கையாலேயே கீறி நிரப்புவார்கள்.