கோணிபில்லாவுக்குப் பசித்தால்?

"சோத்தத் தின்னு. இல்லாட்டி கோணிபில்லா சாக்கோட வந்து புடிச்சிட்டுப் போவான்!"

நம்மில் பலர் இந்த மிரட்டலோடுதான் வளர்ந்தோம். இப்போது நாமும் அதையே சொல்கிறோம். போன வாரம் தரம் ஒன்று பிள்ளைகளிடம் கோணிபில்லாவை வரையச் சொன்னேன். ஒரு மகள் சாக்கை மட்டும் வரைந்திருந்தாள். "உள்ளுக்கு யாரு மகள்?" என்றேன். "நான்தான் சேர்" என்றாள்.

அன்றிரவு மொரிஸ் சென்டாக் நினைவுக்கு வந்தார்.

1928இல் நியூயோர்க்கின் புரூக்ளினில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஐரோப்பாவில் தங்கிவிட்ட உறவினர் பலர் நாஸிகளால் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரம் நிறைந்த வீட்டில்தான் அவர் வளர்ந்தார்.

1950களில் காட்டுக் குதிரைகளைப் பற்றி ஒரு படக்கதை செய்யத் தொடங்கினார். ஆனால் குதிரை வரைய அவருக்கு வரவில்லை. பதிப்பாசிரியர் உர்சுலா நோர்ட்ஸ்ட்ரோம், வேறு எதைத்தான் வரைய வரும் என்று கேட்க, குதிரைகள் போய் பூதங்கள் வந்தன. முகங்களுக்கு மாதிரி, அவருடைய மாமாமாரும் மாமிமாரும்! சின்ன வயதில் வீட்டுக்கு வந்து, கன்னத்தைக் கிள்ளி, 'உன்னைத் தின்னப் போறேன்' என்று கொஞ்சியவர்கள். மஞ்சள் பற்களும் மூக்கு மயிரும் அவர் மனதில் அப்படியே பதிந்திருந்தன.

1963இல் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' வெளிவந்தது. குழப்படி செய்த மக்ஸை உம்மா சாப்பாடு கொடுக்காமல் அறைக்கு அனுப்புகிறாள். அறை காடாகிறது. பூதங்களைக் கண்ணிமைக்காமல் பார்த்தே அடக்கி, அவற்றுக்கு ராஜாவாகிறான். கூத்தாடி முடிந்ததும் வீட்டு ஞாபகம் வருகிறது. திரும்பி வந்தால் சாப்பாடு காத்திருக்கிறது, சூடாகவே.

1964இல் கல்டிகொட் பதக்கம் கிடைத்தது. ஆனாலும் பெரியவர்கள் பயந்தார்கள். உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஒரு பெண்கள் சஞ்சிகையில் அதைக் கண்டித்தார், புத்தகத்தைப் படிக்காமலே! அதே மனிதர் 1976இல், பயங்கரமான தேவதைக் கதைகள் பிள்ளைகளின் மனதுக்குத் தேவை என்று ஒரு நூலே எழுதினார்.

பிள்ளைகளோ பயப்படவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

ஏன்? நமது கோணிபில்லாவை ஏவிவிடுபவர்கள் நாம். அவனுக்கு முன்னால் பிள்ளையால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, சாக்குக்குள் போவதைத் தவிர. மக்ஸின் பூதங்கள் மக்ஸுக்குக் கட்டுப்பட்டவை. போ என்றால் போகும், ஆடு என்றால் ஆடும். பயம் இரண்டிலும் இருக்கிறது. அதன் கயிறு யார் கையில் என்பதுதான் வித்தியாசம்.

பூதக் கதைகளை நிறுத்தத் தேவையில்லை. கயிற்றைப் பிள்ளையிடம் கொடுத்தால் போதும்.

நாளைக்கு அந்த மகளிடம் கேட்கப் போகிறேன்: "கோணிபில்லாவுக்குப் பசிச்சா நீங்க என்ன சமைச்சுக் குடுப்பீங்க?" இன்றிரவு நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.