வேப்பங்குச்சியும் வக்காலத்தும்

1898இல் மானாமதுரையிலிருந்து ஒரு வக்கீல் திருவண்ணாமலைக்கு வந்தார். பெயர் நெல்லையப்பய்யர். கேஸ் விஷயமாக வரவில்லை. வீட்டை விட்டு ஓடிப்போய் இங்கே மௌனமாக உட்கார்ந்துவிட்ட பையனைத் திரும்ப அழைத்துப்போக வந்த சித்தப்பா அவர். பையன் அப்போது ஒரு மாந்தோப்பில் இருந்தான். தோப்புக்காரர் வெங்கடராம நாயக்கர் உள்ளே விடவில்லை. வக்கீலிடம் பேனா இல்லை, மை இல்லை. வேப்பங்குச்சியை ஒடித்து, சப்பாத்திக்கள்ளிப் பழச்சாற்றில் தோய்த்து, கையிலிருந்த ஒரு காகிதத்தில் தன் பெயரையும் தொழிலையும் ஊரையும் எழுதி அனுப்பினார். அந்தக் காகிதத்தின் பின்பக்கம் பத்திரப்பதிவு அலுவலக விஷயம் ஏதோ எழுதியிருந்தது. எழுத்து பையனுடைய அண்ணனின் எழுத்து. பார்த்தவுடன் வந்திருப்பது யார் என்று பையனுக்குத் தெரிந்துவிட்டது. மனு ஏற்கப்பட்டது, கோரிய நிவாரணம் கிடைக்கவில்லை. சித்தப்பா தனியாக ஊர் திரும்பினார்.

பையன் பிற்பாடு ரமண மகரிஷி ஆனது எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த வேப்பங்குச்சிதான். கதவு சாத்தியிருந்தாலும் ஒரு மனு எழுதிப் பார்க்கலாம் என்று கை தன்னால் போகிறது பாருங்கள், அதை எந்தச் சட்டக் கல்லூரியும் சொல்லித்தர முடியாது. எங்கே கற்றுக்கொள்கிறார்கள் அதை?

அந்தக் குடும்பத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ரமணரின் அப்பா சுந்தரமய்யர் திருச்சுழியில் மாதம் இரண்டு ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப்பிள்ளையின் குமாஸ்தாவாக ஆரம்பித்தவர். பிறகு மனு எழுதுபவர் ஆனார். அப்புறம் அனுமதி வாங்கி, சன்னது இல்லாமலே வாதாடும் வக்கீல் ஆனார். பரீட்சை கிடையாது. கோர்ட் திண்ணையில் உட்கார்ந்து அடுத்தவர் வழக்கை எழுதி எழுதியே சட்டம் படித்தவர்.

பட்டணத்தில் கதை வேறு. சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் வந்தது. பி.எல். பாஸ் பண்ணினால் மட்டும் போதாது. ஒரு சீனியர் வக்கீலிடம் அப்ரன்டிஸாக இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் பெயர் பதியலாம். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இப்படித்தான் பி.ஆர். சுந்தரமய்யரிடம் தொழில் கற்றார். பின்னாளில் அரசியல் சாசன வரைவுக் குழுவில் உட்கார்ந்தவர் ஒரு காலத்தில் இன்னொருவருக்காகத் தீர்ப்புத் தேடிக் கொடுத்தவர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சீனியர் யாருக்குக் கிடைத்தார் என்றும் கேட்க வேண்டும். எஸ். ஸ்ரீனிவாச ஐயங்கார் யார்? பாஷ்யம் ஐயங்காரின் மாப்பிள்ளை. மயிலாப்பூர் வீடுகளில் சட்டப் புத்தக அலமாரியும் கல்யாணப் பந்தலும் ரொம்ப தூரத்தில் இல்லை. குருகுலம் என்று சிலாகிப்பவர்கள் வாசலில் நின்றவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்களுக்கு அந்த வாசலே 1923இல் ஒரு தனிச் சட்டம் வந்த பிறகுதான் திறந்தது.

திருவண்ணாமலையோ 1911 வரை தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. பெரிய வழக்கு என்றால் கடலூர். அதன் பிறகு வட ஆற்காடு, அதாவது வேலூர். தனி மாவட்டம் ஆனது 1989இல். ஆனாலும் ஊருக்கு வக்கீல்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சேலத்தில் நல்ல பிராக்டிஸ் இருந்த பி.வி. நரசிம்ம ஐயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து தங்கி, ரமணரின் வரலாற்றை எழுதி 1931இல் வெளியிட்டார். 1936இல் வக்கீல்கள் ஆசிரமத்துக்கே வந்தார்கள். ஆசிரமம் சம்பந்தமாக ஒரு வழக்கு. ரமணரைக் கோர்ட்டுக்கு அழைக்காமல் கமிஷன் வைத்து அவர் இருந்த இடத்திலேயே சாட்சியம் பதிவு செய்தார்கள். நால்வகை ஆசிரமங்களில் நீங்கள் எதைச் சேர்ந்தவர் என்று கேட்டபோது, நான்கையும் கடந்த அதியாசிரமம் என்றார். அன்றைக்கு அங்கே கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு ஜூனியராவது இருந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பதிலை எழுதி எடுக்கும்போது அவன் பேனா ஒரு நொடி நின்றிருக்காதா?

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1961ஆம் வருஷ வழக்கறிஞர் சட்டத்திலும் பயிற்சி, பரீட்சை இரண்டும் இருந்தன. 1973 திருத்தத்தில் இரண்டையும் தூக்கிவிட்டார்கள். டிகிரி வாங்கினால் நேராகக் கவுன். 1995இல் பார் கவுன்சில் மறுபடியும் ஒரு வருஷப் பயிற்சியை விதியாகக் கொண்டுவந்தது. பாராளுமன்றம் எடுத்துப்போட்டதை நீங்கள் விதி போட்டு உள்ளே கொண்டுவர முடியாது என்று 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி சரியான தீர்ப்புதான். ஆனால் தொழில் பழகாமலேயே கட்சிக்காரரின் நிலத்தையும் ஜாமீனையும் கையில் வாங்குபவர்களின் பிரச்சினை அப்படியே இருந்தது. 2008 விதிகள் அதைப் படிக்கிற காலத்துக்குள் தள்ளின. மூன்று வருஷப் படிப்புக்கு 12 வாரம், ஐந்து வருஷப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப். ஒரு சிவில், ஒரு கிரிமினல் என்று இரண்டு விசாரணைகளைப் பார்த்து டைரி எழுத வேண்டும். அதற்கு மார்க் உண்டு.

அமெரிக்காவில் இதன் பெயர் சம்மர் அசோசியேட். அங்கேயும் ஒரு காலத்தில் சட்டம் படிக்க வக்கீல் ஆபீசில் சும்மா உழைக்க வேண்டியிருந்தது. 1900களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பால் கிரவாத் என்பவர் நல்ல கல்லூரிகளிலிருந்து ஆளெடுத்து, சம்பளம் கொடுத்து, தானே பழக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்குப் பெரிய கம்பெனிகளில் கோடைக்கு வரும் மாணவருக்கும் முதல் வருஷ வக்கீலின் விகிதத்திலேயே சம்பளம்.

எங்கள் ஊர்க் கோடை வேறு மாதிரி. கல்லூரிக்கு லீவு விடுகிற மே மாதம்தான் சிவில் கோர்ட்டுக்கும் லீவு! வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் (2008இல் வந்தது) படித்த நான், போளூர், கண்ணமங்கலம் என்று வருஷமெல்லாம் பஸ்ஸில் போய் வந்தவள், கோடையில் இங்கேயே ஒரு சீனியர் ஆபீசில் சேர்ந்தேன். வீட்டில் யாரும் வக்கீல் இல்லை. சீனியர் பெயரைச் சொல்லப் போவதில்லை. முதல் வாரம் முழுக்கப் பழைய கேஸ் கட்டுகளைத் தூசி தட்டி, டாக்கெட் எழுதி அடுக்கினேன். கூட இருந்த பையனை ஜாமீன் மனுவுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார்; என்னை ஆபீசில் இருந்து போன் எடுக்கச் சொல்வார். "வெயிலா இருக்கும்மா" என்பார். பௌர்ணமி வந்தால் இன்னும் மோசம், பதினாலு கிலோமீட்டர் கிரிவலக் கூட்டத்தில் ஊரே ஸ்தம்பித்திருக்கும், கட்சிக்காரர் வர மாட்டார்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது குமாஸ்தாதான். முப்பது வருஷ சர்வீஸ். பிராதில் சொத்து விவரத்தின் நான்கு எல்லையை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். "கிழக்கே வாய்க்கால்னு போட்டிருக்கே, வாய்க்கால் இன்னைக்கு இருக்கா? போய்ப் பார்த்தியா?" நான் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் இல்லை, லாட்ஜ் இருந்தது. அந்த ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொண்டதை சொத்துரிமை பேப்பரில் ஒரு செமஸ்டர் முழுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. சுந்தரமய்யர் படித்த பள்ளிக்கூடம் இன்னும் மூடப்படவில்லை என்று அன்று தோன்றியது. ஆனால் அந்தக் குமாஸ்தாவின் மகன் என்ஜினீயரிங் படித்தான். "வக்கீலுக்குப் படிச்சா அஞ்சு வருஷம் எங்கப்பா சோறு போடணும், அதுக்கப்புறம் அஞ்சு வருஷமும் அவரே போடணும்" என்று என்னிடமே சொன்னான்.

அந்த இரண்டாவது ஐந்து வருஷத்தைப் பற்றித்தான் 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பேசியது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், சி. குமரப்பன் அமர்வு, ஜூனியர்களுக்குக் குறைந்தபட்சம் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புமாறு மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நாங்கள் மற்ற ஊர். அதே அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் கிட்டத்தட்ட இதே தொகைகளைச் சொன்னது, பரிந்துரையாக. சிறிய ஊரில் ஒரு சீனியருக்கே எல்லா மாதமும் அவ்வளவு நிற்குமா என்று கேட்பவர்களை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். வாய்தா மேல் வாய்தா விழுந்து ஃபீஸ் பாக்கியாகவே நிற்கும் ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் கார் மாற்றுகிறவர்கள்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி அந்த உத்தரவைப் பிரின்ட் எடுத்துத் தன் சீனியர் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"நல்ல ஆர்டரும்மா. நம்ம சைட்டேஷன் ஃபைல்ல போட்டு வை."

போட்டு வைத்தாள். நம்பர் எழுதி, நூல் கோத்து.