கடலூரில் கண்மூடிய கணக்கு வாத்தியார்



கடலூர்க்காரர்களுக்குக் குண்டுசாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் பழக்கம். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கே என்று பேச்சு. அந்தப் பெயர்கள் அப்படி வந்தவை என்பார்கள். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சுட்டுப் பார்த்தே தெரிந்துகொண்ட காலம்.

அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். லண்டனில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். நம்ம தொழில்தான்!

கண்ணுக்கே தெரியாத துப்பாக்கிக் குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? மரப்பலகை பொருத்திய இரும்பு ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டார். குண்டு பாய்ந்ததும் அது ஊஞ்சல் போலப் பின்னால் போகும். அடியில் கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்தார். இரண்டின் எடையும் தெரியும், வேகம் கணக்கில் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் போட்டோமே, உந்த அழிவின்மை விதி, அதேதான். வினாடிக்குச் சுமார் 1,600 அடி! அந்த வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப் போல 100 மடங்குக்கும் மேல் என்றும் கண்டார். காற்றை விட்டுவிட்டுப் பரவளையம் வரைந்துகொண்டிருந்த பீரங்கிக்காரர்களின் கணக்கு அதோடு போயிற்று. 1742-ல் வந்த அந்தப் புத்தகத்தை மூன்றே ஆண்டில் ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? மாமேதை ஆய்லர்!

இன்று 1,000 கெஜத்தில் இலக்கு சுடும் போட்டியாளர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். மருந்தைப் பொன் நிறுப்பதுபோல் நிறுத்துப் போட்டு, ஒவ்வொரு சூட்டின் வேகத்தையும் மின்னணுக் கருவியில் பார்க்கிறார்கள். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறினால், அவ்வளவு தூரத்தில் ஒன்று மேலே படும், ஒன்று கீழே படும். அந்தக் கருவி செய்வது ராபின்ஸின் ஊசல் செய்த வேலையைத்தான்.

1750-ல் அவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நம் கடற்கரைக்கு வந்தார். கோட்டைகளைப் பலப்படுத்தத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் கண்டது. 1751 ஜூலை 29 அன்று தேவனாம்பட்டினம் கோட்டையிலேயே உயிர் பிரிந்தது. வயது 44.

கோட்டையும் நிலைக்கவில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துவிட்டார். கெடிலம் கடலில் சேரும் பக்கம் கொஞ்சம் சுவர் மிச்சமிருக்கிறது. கடலூர்ப் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.