வாய் திறக்க மறுப்பவரிடம் எந்த மொழியில் பேசுவது?

முதியோர் பராமரிப்பில் பல் துலக்கிவிடுவது நெடுங்காலம் கடைசி வேலையாகவே கருதப்பட்டது. அந்த மதிப்பீட்டை அசைத்தது ஜப்பான். யோனெயாமாவும் உடன் ஆய்வாளர்களும் அந்நாட்டின் 11 முதியோர் இல்லங்களில் நடத்திய ஆய்வை 1999, 2002 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் செவிலியரோ பராமரிப்பாளரோ பல் துலக்கிவிட்டனர். மறுபிரிவினருக்கு அவ்வாறு செய்யவில்லை. ஈராண்டுகளில் நிமோனியா கண்டவர்கள் முதற்பிரிவில் 11 விழுக்காடு, மற்றதில் 19 விழுக்காடு. வாயில் பெருகும் நுண்ணுயிர்கள் உமிழ்நீரோடு மூச்சுக்குழலுள் இறங்குகின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

ஆனால் டிமென்ஷியா உள்ளவர் வாயைத் திறந்தால் அல்லவா துலக்குவது? தலையைத் திருப்பிக்கொள்வதும் பிரஷைக் கடிப்பதும் செவிலியர் துறையில் ‘எதிர்ப்பு நடத்தை’ எனப் பெயர் பெற்றிருந்தன. பெயரிலேயே பழி முதியவர்மேல் விழுந்துவிடுகிறது. 2011-இல் அமெரிக்காவின் ரீட்டா ஜப்லோன்ஸ்கி குழுவினர் அதை அச்சமென்று வாசித்தனர்: யாரோ ஒருவர் வாய்க்குள் எதையோ நுழைக்கிறார் என்றே அவருக்குத் தோன்றுகிறது. ஆகவே கண்மட்டத்தில் எதிரே அமர்வது, பிரஷை அவர் கையிலேயே கொடுத்து அதன்மேல் தம் கையை வைத்து நடத்துவது, முரண்டு மிகுந்தால் விலகி வேறொருவரை அனுப்புவது எனப் பயிற்சி மாறியது. குழந்தையிடம் போல் கொஞ்சிப் பேசாதிருப்பதும் அதில் ஒன்று. அத்தகைய பேச்சின்போது மறுப்பு மிகுவதைக் காணொளிப் பதிவுகளைக் கொண்டு கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழுவினர் 2009-இலேயே காட்டியிருந்தனர். மொழியியல் மாணவர்கள் இங்கே சற்று நிமிர்ந்து உட்காரலாம்.

இந்தியாவில் இவ்வேலை பெரும்பாலும் இல்லங்களில் அன்று, வீடுகளில் நடக்கிறது. 1992-இல் கேரளத்துக் குன்னங்குளத்தில் அல்சைமர் சங்கம் தோன்றியது. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008-இல் வெளியான ஆய்வு, உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்று வழிகாட்டினால் பராமரிப்போரின் மனநலம் மேம்படுவதைக் காட்டிற்று. அளக்கப்பட்டது மனச்சுமை, வாயின் நிலை அன்று.

வில்லியம்ஸ் ஆராய்ந்தது ஆங்கிலப் பேச்சை. அங்கே கொஞ்சல் என்பது குரலேற்றம், செல்லச் சொல், ‘நீ’ வரவேண்டிய இடத்தில் ‘நாம்’. நம் மொழிகளில் மரியாதைப் பன்மை குறுக்கே நிற்கிறது. வேலைக்கு வந்த பணிப்பெண் ‘வாயைத் திறங்க ஐயா’ என்பதிலிருந்து ‘வாயைத் தொற கண்ணு’ என்பதற்கு நழுவும்போது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இழப்பது வெறும் விகுதியை அன்று. மகளின் நிலையோ நேர்மாறு. வாழ்நாளெல்லாம் அம்மாவை ‘நீ’ என்றழைத்தவள் பயிற்சிக் கையேட்டைப் படித்துவிட்டு ‘நீங்கள்’ என்று தொடங்கினால், அந்தத் தாய்க்கு எதிரே நிற்பவள் அந்நியள் ஆகிவிடக்கூடும். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படும் கையேட்டில் பிரஷ் பிடிக்கும் முறை அப்படியே வந்துவிடும். இந்த வேறுபாட்டுக்கு மூலத்திலேயே இடமில்லை.