மனசுல நினைச்ச விலங்கு எது? நண்பர்களோடு ஆடும் ஆன்லைன் விளையாட்டும், 1975-ல் அது காட்டிய வேலையும்!

வீடியோ காலில் நாலு நண்பர்கள். ஒருவர் மனசுக்குள் ஒரு விலங்கை நினைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். பதில் ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ மட்டும்தான். 20 கேள்விக்குள் கண்டுபிடித்தால் கேட்டவர்களுக்கு வெற்றி, இல்லையென்றால் நினைத்தவருக்கு. போர்டு, காய் எதுவும் வேண்டாம் என்பதால் ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள்கூட வாட்ஸ்அப் குரூப்பிலேயே இதை ஆடிவிடலாம்.

20 கேள்வி போதுமா?

தாராளமாகப் போதும். நல்ல கேள்வி ஒவ்வொன்றும் மிச்சமிருக்கும் விலங்குகளில் பாதியைக் கழித்துவிடும். 10 கேள்வியில் 1,024 விலங்குகளைப் பிரித்துவிடலாம். 20 கேள்வியில் 10 லட்சத்துக்கும் மேல்! எடுத்த எடுப்பிலேயே “புலியா?” என்று கேட்பவர்கள் தோற்பது இதனால்தான். ‘இல்லை’ என்று பதில் வந்தால் கழிந்தது ஒரே ஒரு விலங்கு. “முதுகெலும்பு இருக்கா?” என்று கேட்டால் பெரும் கூட்டமே கழியும்.

சண்டை வருவது எங்கே?

பெரும்பாலும் பதில் சொல்பவரிடம்தான். வௌவாலை நினைத்துக்கொண்டு “பறவையா?” என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ சொன்னால் கதை முடிந்தது. வௌவால் பாலூட்டி. திமிங்கலம் மீன் இல்லை. பிளாட்டிபஸ் பாலூட்டிதான், ஆனால் முட்டை போடும். ஒரு பதில் தப்பானால் அதற்குப் பிறகு எத்தனை கேள்வி கேட்டாலும் வீண்தான். சந்தேகம் இருந்தால் “தெரியலப்பா” என்று சொல்லிவிடுவதே நல்லது.

கணினி எப்படிக் கற்றுக்கொண்டது?

இந்த விளையாட்டு 1970-களிலேயே கணினிக்கு வந்துவிட்டது. பெயர் ‘அனிமல்’. கணினி கேள்வி கேட்கும், ஆடுபவர் பதில் சொல்வார். கணினி “பசுவா?” என்று கேட்டு, “இல்ல, எருமை” என்று பதில் வந்தால் அதோடு விடாது. ‘பசுவையும் எருமையையும் பிரிக்க ஒரு கேள்வி சொல்லுங்கள்’ என்று கேட்டு, அதைச் சேமித்துக்கொள்ளும். அடுத்தவர் ஆடும்போது அந்தக் கேள்வியும் வரும். ஒருவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால், அந்தத் தப்பும் சேர்ந்தே வரும்!

1975-ல் நடந்தது என்ன?

அமெரிக்காவின் ஜான் வாக்கர் என்ற நிரலாளர், யூனிவாக் கணினிக்கு ‘அனிமல்’ விளையாட்டை எழுதியிருந்தார். “எனக்கும் ஒரு காப்பி கொடுங்க” என்று பலரும் கேட்டார்கள். இன்டர்நெட்டில் அனுப்பும் வசதி இல்லாத காலம். காந்த நாடாவில் பதிந்து தபாலில்தான் அனுப்ப வேண்டும். சலித்துப்போன வாக்கர், ‘பர்வேட்’ என்ற துணை நிரலைச் சேர்த்துவிட்டார். ஆடுபவர் ‘ஆமாம், இல்லை’ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவரால் திறக்க முடிகிற கோப்பகங்களில் எல்லாம் அது சத்தமில்லாமல் விளையாட்டை நகலெடுத்து வைத்தது. நிர்வாகி ஒருவர் ஆடினால், அந்தக் கணினியில் அது போகாத இடமே இல்லை. நாடாக்கள் வழியாக மற்ற யூனிவாக் கணினிகளுக்கும் பரவியது.

எதையும் அழிக்காதபடி வாக்கர் அதைக் கவனமாகத்தான் எழுதியிருந்தார். ஆனாலும் ‘ட்ரோஜன்’ வகை நிரல்களின் ஆரம்பகால உதாரணமாக இன்று சொல்லப்படுவது இந்த விலங்கு விளையாட்டுதான். பிறகு யூனிவாக்கின் இயங்குதளம் மாறியதும் அது பரவுவது நின்றது. ஆட்டோகேட் மென்பொருளுக்குப் பெயர்பெற்ற ஆட்டோடெஸ்க் நிறுவனத்தை 1982-ல் தொடங்கியவர்களில் ஒருவரும் இதே வாக்கர்தான்.

இப்போது என்ன கவனிக்கணும்?

நண்பர் அனுப்பினார் என்பதற்காக லிங்க் நல்லதாகிவிடாது; அன்றைக்கும் பலரும் விரும்பித்தான் காப்பி கேட்டார்கள். விலங்கை யூகிக்கும் ஆப் ஒன்று கான்டாக்ட்ஸ், போட்டோ, எஸ்எம்எஸ் எல்லாவற்றுக்கும் பர்மிஷன் கேட்டால் ‘வேண்டாம்’ கொடுத்துவிடுங்கள். நினைத்தது யானையா பூனையா என்று கண்டுபிடிக்க, உங்கள் எஸ்எம்எஸ் அதற்கு எதற்கு?