‘இந்திய அடி’யின் மூன்று நீளங்கள்

கணினிவழி வரைபட மென்பொருளில் புதிய கோப்பைத் தொடங்குபவர் முதலில் தெரிவு செய்யவேண்டியது அளவை அலகு. ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் கோடுகளும் புள்ளிகளும் வெறும் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. அந்த எண் அங்குலமா, மில்லிமீட்டரா என்பதைக் கோப்பின் அமைப்பில் தனியே குறித்தாக வேண்டும். தவறிக் குறித்தால், அங்குலக் கணக்கில் வரைந்த சுவர் மில்லிமீட்டர்க் கோப்பில் 25.4 மடங்கு சுருங்கி நிற்கும். அத்தகைய பிழை உடனே கண்ணில் படும், திருத்தியும் விடலாம். கண்ணில் படாத அலகுப் பிழையும் ஒன்று உண்டு. அதன் வேர் இந்திய நில அளவையின் வரலாற்றில் இருக்கிறது.

நிலவரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் தன் ஆயத்தொலைவுக் கணக்குகளுக்குப் ‘புரோஜ்’ என்னும் நிரல்தொகுப்பை நம்பியிருக்கிறது. அதன் அலகுப் பட்டியலில் மீட்டர், அடி ஆகியவற்றோடு இந்திய கஜம், இந்திய அடி, இந்தியச் சங்கிலி என்று மூன்று அலகுகள் தனியே இடம்பெற்றுள்ளன. 1959ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்பாட்டின்படி ஓர் அடி என்பது துல்லியமாக 0.3048 மீட்டர். அப்பட்டியலிலுள்ள இந்திய அடியோ 0.30479841 மீட்டர். இந்தியாவுக்கென்று தனி அடி எதற்கு?

1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து, பின்னர் மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்று பெயர்பெற்ற பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், 1830இல் புவியின் வடிவத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார். அதில் நிலநடுக்கோட்டு ஆரம் 2,09,22,931.80 அடி. பின்னர் வந்த அடிக்கோடுகள் பத்தடி நீளமுள்ள இரும்புச் சட்டம் ஒன்றோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டன. அதாவது, இந்திய வரைபடங்களின் அடி என்பது சட்டநூலில் எழுதிய அடியன்று. ஒரு குறிப்பிட்ட உலோகச் சட்டத்தின் பத்திலொரு பங்கு.

பிரித்தானிய அடியோடு அந்தச் சட்டம் எவ்வாறு பொருந்துகிறது என்ற வினாவுக்கு விடை தந்தவர் அலெக்சாண்டர் ராஸ் கிளார்க். பல நாடுகளின் நீளப் படித்தரங்களை இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் ஒப்பிட்ட அவர், இந்திய அடி பிரித்தானிய அடியில் 0.99999566 பங்கு என்று கண்டார். பத்து லட்சம் அடிக்கு நான்கடி அளவே வேறுபாடு.

சிக்கல் இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அடியை மீட்டராக மாற்ற இன்னொரு விகிதமும் தேவைப்பட்டது: பிரித்தானிய அளவுக்கும் மீட்டருக்கும் உள்ள விகிதம். அது அளந்தவருக்கு அளந்தவர் வேறுபட்டது. ஒரு மீட்டருக்கு 39.370113 அங்குலம் என்ற விகிதத்தைக் கொண்டு 1937இன் மதிப்பான 0.30479841 பெறப்பட்டது. ஒரு கஜத்துக்கு 0.9144025 மீட்டர் என்ற வேறொரு விகிதத்தைக் கொண்டால் 0.30479951 கிடைக்கிறது. இதை ஏழு இலக்கங்களாகச் சுருக்கியபோது, 1962இன் மதிப்பு 0.3047996 என்றும், 1975இன் மதிப்பு 0.3047995 என்றும் அமைந்தன. முறையான சுருக்கம் பின்னதே. முன்னதில் கடைசி இலக்கம் ஒன்று கூடிவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரே அளவைப் பணியாக இருந்தது, நாடுகள் பிரிந்தபின் மீட்டர் முறைக்கு மாறியபோது மூன்றாயிற்று. வங்கதேசம் 1937இன் மதிப்பையும், பாகிஸ்தான் 1962இன் மதிப்பையும், இந்தியா 1975இன் மதிப்பையும் கைக்கொண்டன. எவரெஸ்ட் கண்ட ஒரே ஆரம் இம்மூன்றின்படி முறையே 63,77,276.345 மீட்டர், 63,77,301.243 மீட்டர், 63,77,299.151 மீட்டர் என்றாகிறது. முதலிரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 25 மீட்டர். பின்னிரண்டுக்கும் இடையிலுள்ள இரண்டு மீட்டர், ஓர் எண்ணின் கடைசி இலக்கத்தால் மட்டுமே வந்தது. இரும்புச் சட்டம் நீளவுமில்லை, குறுகவுமில்லை. மாறியவை தாளில் எழுதிய எண்களே.

இவ்வேறுபாடு வீட்டுமனை அளவில் பொருட்படுத்தத் தக்கதன்று. நூறு அடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் மாறும். பழைய வரைபடங்களின் கஜக் கட்டங்களில் நிலைமை வேறு. எந்தப் புள்ளியின் ஆயத்தொலைவும் குறை எண்ணாகிவிடாதபடி, இந்தியாவின் பல மண்டலங்களில் தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கு மதிப்பாக 30 லட்சம் கஜம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த 30 லட்சம் கஜம் 1937இன் கணக்கில் 27,43,185.69 மீட்டர், 1975இன் கணக்கில் 27,43,195.50 மீட்டர். இடைவெளி 9.81 மீட்டர். ஒரு வரைபடத்தை ஒரு மதிப்பாலும் அதன் மேல் வைக்கும் மற்றொன்றை வேறு மதிப்பாலும் மாற்றினால், சாலை ஒன்று பக்கத்து வயலுக்குள் போய்விடும். 25.4 மடங்குப் பிழையைப்போல் இது தன்னைக் காட்டிக்கொள்ளாது. பழைய வரைபடம் தேய்ந்ததென்றோ, பழைய அளவையாளர் கவனக்குறைவாக இருந்தாரென்றோ முடிவுகட்டத் தோன்றும். செய்யாத பிழைக்கு இறந்தவர் பழியேற்க நேரும்.

‘புரோஜ்’ பட்டியலிலுள்ள ‘இந்திய அடி’ 1937இன் மதிப்பு. இந்தியா மீட்டர் முறைக்கு மாறியபோது எடுத்துக்கொண்ட மதிப்பு அன்று. பெயரைப் பார்த்து அதைத் தெரிவு செய்யும் மாணவர் தம்மையறியாமல் வேறொரு நாட்டின் மாற்றுக்கணக்கைத் தெரிவு செய்தவராகிறார். பன்னாட்டு ஈபிஎஸ்ஜி பதிவேடு இம்மூன்றையும் ஆண்டுக் குறிப்போடு தனித்தனியே வைத்திருப்பது இக்குழப்பத்துக்குத் தக்க மருந்து.

எழுத்தாவணத்தைப் பதிப்பிப்பவர் எந்தப் படியைப் பின்பற்றினார் என்று குறிப்பது மரபு. பழைய வரைபடத்தை மின்னாக்கம் செய்பவருக்கும் அம்மரபு பொருந்தும். ‘அலகு: அடி’ என்று எழுதுவது போதாது, எந்த ஆண்டின் அடி, எந்த மாற்றுமதிப்பு என்பதும் கோப்போடு சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டால், அடுத்த தலைமுறை ஆய்வாளர் மண்ணில் தேடும் பத்து மீட்டர் மண்ணில் இருக்காது.